தள்ளிவைப்பும் தள்ளுபடியும்

வெள்ளம், வறட்சி என்றால் எங்கள் வங்கியில் கடன் தவணையைத் தள்ளிவைப்போம். அது தள்ளுபடி இல்லை. பணம் வந்தாக வேண்டும் (வட்டியோடு!), தேதிதான் மாறும். பார்வைக் குறைபாடுள்ள மாணவன் அசைன்மென்டுக்கு நாலு நாள் கூடுதலாகக் கேட்டால் மட்டும் அது எப்படி 'சலுகை' ஆகிறது?

இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பில் பி.காம். படிக்கும் நம்மூர்ப் பையன் ஒருவன். பாடத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப்-ஆகத் தருகிறார்கள். அது வெறும் படம். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் படத்தை அப்படியே படிக்காது. ஓசிஆர் போட வேண்டும். ஐந்தொகை என்றால் எண்கள் இடம் மாறி வரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறார். மற்றவர்கள் பாதி எழுதி முடிக்கும்போது இவன் கேள்வியையே படித்திருக்க மாட்டான். தாமதமானால் நாளுக்கு ஒரு மார்க் வெட்டு வேறு.

தேர்வுக்கு வழி உண்டு. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, உதவி எழுத்தர் வைக்கத் தகுதியுள்ளவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். ஆனால் அது எழுத்துத் தேர்வுக்கு. அசைன்மென்ட் பெரும்பாலும் ஆசிரியரின் மனசைப் பொறுத்தது. இத்தனைக்கும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் அவரவர் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்கிறது.

'எல்லோரும் கேட்பார்களே' என்பார்கள். எங்களிடமும் எல்லோரும்தான் கேட்கிறார்கள். காகிதத்தைப் பார்த்துத்தான் தருகிறோம்.

பெற்றோருக்கு ஒன்று: செமஸ்டர் தொடக்கத்திலேயே கடிதமாகக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை போய் நிற்க வேண்டாம். அப்படியே டைப் செய்த பிரதியை ஒரு வாரம் முன்னால் கேளுங்கள். அது கிடைத்தால் பாதி அசைன்மென்டுக்கு அவனே கூடுதல் நாள் கேட்க மாட்டான்.