கரிசலை அறிய ஒரு பிடி மண் போதுமா?

மண்ணைத் தாய் என்று மேடைதோறும் போற்றுகிறோம். அந்தத் தாயை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம்? கரிசல் மண் கருப்பு நிறமுடையது; பருத்திக்கு ஏற்றது; எரிமலைக் குழம்பிலிருந்து தோன்றியது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தவை இந்த மூன்று வரிகளே. முதல் வரி கண் உள்ளவர் எவருக்கும் தெரியும். இரண்டாம் வரி பாதி உண்மை. மூன்றாம் வரியோ தக்காணப் பீடபூமிக்குப் பொருந்தும். நம் கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் பொருந்தாது. இங்கே அடியில் கிடப்பது எரிமலைப் பாறை அன்று. நைஸ் வகையைச் சேர்ந்த பழம்பாறைகள். அப்படியானால் கரிசல் இங்கே எப்படி வந்தது? இந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், ஒரு மண்ணை அறிவது என்பது ஒரு பிடி மண்ணைக் குப்பியில் போட்டுச் சோதிப்பதோடு முடிந்துவிடும் காரியம் அல்ல என்பது எனக்கு விளங்கிற்று. ஆய்வுக்கூடம், வானம், நிலத்தின் அமைப்பு ஆகிய மூன்றும் கூடிச் சாட்சி சொன்னால்தான் மண்ணின் உண்மை வெளிப்படும் என்பதே என் துணிபு.

ஆய்வுக்கூடத்தின் சாட்சி

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஆய்வுக்கூடத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். கண் காட்டாத பலவற்றை அது காட்டுகிறது. 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களைக் களித்துகள் என்கிறோம். மண்ணை நீரில் கலக்கி, துகள்கள் படியும் வேகத்தைக் கொண்டு அளந்தால், நல்ல கரிசலில் நூற்றுக்கு 40 முதல் 60 பங்கு வரை இத்தகைய களித்துகள்களே இருக்கக் காணலாம். அந்தக் களியும் சாதாரணக் களியன்று. மான்ட்மொரில்லோனைட் முதலிய கனிமங்கள் அதில் மிகுதி. ஏடு ஏடாக அடுக்கிய இக்கனிமங்களின் இடையே நீர் புகுந்தால் அவை உப்புகின்றன. நீர் வெளியேறினால் சுருங்குகின்றன. சத்துகளைப் பிடித்து வைக்கும் திறனிலும் இவை உயர்ந்தவை. செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட் 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லி ஈக்விவலன்ட் அளவே பிடித்து வைக்கும். மான்ட்மொரில்லோனைட்டோ 80 முதல் 120 வரை பிடித்து வைக்க வல்லது.

இன்னொரு வியப்பும் உண்டு. கருப்பாய் இருப்பதால் கரிசலில் மக்கு நிறைந்திருக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். 1934இல் வாக்லி, பிளாக் என்னும் இருவர் வகுத்த டைக்குரோமேட் முறைப்படி சோதித்தால், கரிமம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கையும் எட்டுவதில்லை. ரஷ்ய நாட்டின் புகழ்பெற்ற செர்னோசெம் மண்ணும் கருப்புதான். அதன் கருமைக்குக் காரணம் புல்வெளிகள் தந்த ஏராளமான மக்கு. நம் கரிசலிலோ சிறிதளவு மக்கே களியோடு இறுகப் பிணைந்து கருமை தருகிறது. நிறம் ஒன்று, உள்ளம் வேறு. ஏன் இந்த வேறுபாடு? இதற்கு ஆய்வுக்கூடத்திடம் விடை இல்லை. வெளியே வந்து வானத்தைப் பார்க்க வேண்டும்.

வானத்தின் சாட்சி

அந்த ரஷ்ய மண்ணை ஆராய்ந்து 1883இல் நூல் எழுதிய டொக்குச்சாயெவ் என்னும் அறிஞர்தான், மண் என்பது வெறும் பாறைத் தூள் அன்று. பாறை, தட்பவெப்பம், உயிரினம், நிலத்தோற்றம், காலம் ஆகியவை கூடிப் பெற்ற பிள்ளை என்று உலகுக்கு உணர்த்தியவர். 1941இல் ஹான்ஸ் யென்னி என்னும் அறிஞர் இக்கருத்தை ஒரு சமன்பாடாகவே எழுதிக் காட்டினார்.

குளிர் நாட்டில் மக்கு மெல்லச் சிதைகிறது, ஆகவே சேர்கிறது. நம் வெயிலில் அது விரைவில் எரிந்து தீர்கிறது. கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. பிறகு நீண்ட வறட்சி. இந்த ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதே கரிசலைக் கரிசலாக வைத்திருக்கிறது. மழையில் உப்பி மூடிக்கொள்ளும் மண், பங்குனி சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மேல்மண் அவ்வெடிப்பில் விழுகிறது. அடுத்த மழையில் உப்பும்போது அடிமண் நெருக்கப்பட்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிறது. உழவன் உழாமலே இம்மண் தன்னைத்தான் புரட்டிக்கொள்கிறது. அதனால்தான் மண்ணியலார் இவ்வகைக்குப் புரட்டுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வெர்ட்டிசால் என்று பெயர் வைத்தனர். ஆண்டு முழுவதும் நனைந்தே கிடக்கும் நாட்டில் இதே களி வெடிக்காது. எனவே மழைக் கணக்கைப் பாராமல் இம்மண்ணின் குணத்தைச் சொல்ல முடியாது.

நிலத்தின் சாட்சி

நம் பக்கத்துக் கிராமங்களில் நடந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மேட்டில் செவல், சற்று இறங்கினால் நிறம் மங்கிய கலப்பு மண், பள்ளத்தில் கம்மாயை நெருங்க நெருங்கக் கரிசல். அடியில் பாறை ஒன்றாகவே இருக்கலாம். பெய்யும் மழையும் ஒன்றே. மண் மட்டும் ஏன் மாறுகிறது? மேட்டில் நீர் வடிந்து ஓடுகிறது. ஓடும்போது சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு போகிறது. இரும்பு தங்கிச் சிவக்கிறது. பள்ளத்தில் அந்நீர் தேங்குகிறது; கொண்டுவந்த பொருள்களைக் கொண்டு உப்பும் களியை அங்கே உருவாக்குகிறது. மிஞ்சிய சுண்ணாம்பு அடியில் சுக்கான் கல்லாய்ப் படிகிறது. இவ்வாறு சரிவு நெடுகச் சங்கிலிபோல் மண் மாறி வருவதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த மில்ன் என்பவர் 1935இல் கட்டீனா என்று பெயரிட்டு விளக்கினார். எரிமலை இல்லாத சீமையிலும் கரிசல் தோன்றுவதன் இரகசியம் பெரிதும் இச்சரிவில் இருக்கிறது.

அட்டையில் இல்லாதது

இவையெல்லாம் தேர்வுக்கு எழுதும் செய்திகள்தானே; உழவனுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு; அதற்காகவே இதை எழுதுகிறேன்.

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் இராஜஸ்தானத்தின் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல திட்டம். உரக்கடைக்காரர் சொன்னதே வேதம் என்றிருந்த நிலையை மாற்ற எடுத்த முயற்சி அது. தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன், கரிமம் எனப் பன்னிரண்டு அளவுகள் அதில் உண்டு. எங்களைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களிடம்தான் அந்த அட்டையைப் படித்துச் சொல்லும் வேலை வந்து சேர்கிறது. படித்துச் சொல்லும்போதுதான் குறை தெரிகிறது. அப்பன்னிரண்டில் களியின் அளவு இல்லை, மண்ணின் ஆழம் இல்லை, நிலம் மேடா பள்ளமா என்பது இல்லை, மழை இல்லை.

இரண்டு காடுகளை எண்ணிக்கொள்வோம். இரண்டும் மானாவாரிக் கரிசல். மேலாக 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்த மண்ணில் பன்னிரண்டு அளவுகளும் ஒன்றே. ஒரு காட்டில் 45 சென்டிமீட்டரில் சுக்கான் தட்டுகிறது. மற்றதில் 120 சென்டிமீட்டர் வரை கரிசல் இறங்குகிறது. ஒரு மீட்டர் ஆழக் கரிசல் பயிருக்குப் பயன்படும் நீராக ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை தேக்கி வைக்கும் என்று கொண்டால், முதற்காட்டின் இருப்பு அதில் பாதிகூட இல்லை. மார்கழியோடு மழை நின்றபின், ஆழக் காட்டில் பருத்தி மாசி வரையிலும் தாக்குப்பிடிக்கும். மற்றதில் உளுந்தோ பாசியோ போட்டுச் சீக்கிரம் எடுத்துவிடுவதே அறிவுடைமை. அட்டை இரண்டுக்கும் ஒரே உர அளவைச் சொல்லும். உரம் வாங்கக் கடன்பட்டவர் எந்தக் காட்டுக்காரர் என்பதைப் பொறுத்து அந்த வீட்டின் அடுத்த ஆண்டு அமையும். இது சிறிய காரியமா?

எண்ணும்கூட மண்ணை அறிந்தால்தான் பொருள்படும். மணிச்சத்தை அளக்க அமிலக் கரைசலைப் பயன்படுத்தும் பிரே முறை புளிப்பு நிலங்களுக்கு உரியது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அவ்வமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும். கிடைக்கும் எண் பொய் சொல்லும். ஆகவேதான் இங்கே 1954இல் வந்த ஓல்சன் முறை கையாளப்படுகிறது. எந்தக் குப்பியில் எதை ஊற்றுவது என்பதற்கே மண்ணின் இனம் தெரிய வேண்டியிருக்கிறது!

உழவர்களுக்கு இத்தனை விவரம் குழப்பம் தராதா என்று சிலர் ஐயுறலாம். ஆழமும் சரிவும் அவர்களுக்குப் புதியவை அல்ல. செவக்காடு, கரிசக்காடு என்று பிரித்தவர்களும், கிணறு வெட்டும்போது சுக்கான் எத்தனை முழத்தில் தட்டியது என்று நினைவில் வைத்திருப்பவர்களும் அவர்களே. அட்டையில் அவர்களுக்குப் புதியது போரானும் துத்தநாகமுந்தான். அவர்கள் அறிந்ததை விட்டுவிட்டு அறியாததை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பதே உண்மையான குழப்பம்.

புதிதாய்ப் பெரும் செலவும் வேண்டியதில்லை. மண் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறிக்க அட்டையில் ஏற்கெனவே இடம் உண்டு. மழைக் கணக்கு 1875இல் தோன்றிய வானிலைத் துறையிடம் இருக்கிறது. மண்ணின் ஆழத்தையும் சரிவையும் ஆராய 1976இல் நாகபுரியில் அமைக்கப்பட்ட தேசிய நிறுவனமே இருக்கிறது. 1901இலிருந்து கோவில்பட்டியில் கரிசலுக்கென்றே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. மூன்று சாட்சிகளும் மூன்று ஊர்களில் தனித்தனியே உட்கார்ந்திருக்கின்றன. அவர்களை ஒரே அட்டையில் கூட்டி வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நம் கல்லூரியும் இதில் பங்கு கொள்ளலாம். வேதியியல், புவியியல், தாவரவியல் மாணவர்கள் சேர்ந்து, நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது ஊருக்கு ஒரு குழி, ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு வெட்டிப் பார்க்கலாம். மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என மூன்று வெட்டினால் இன்னும் நன்று. எத்தனை சென்டிமீட்டரில் நிறம் மாறுகிறது, எங்கே சுக்கான் தட்டுகிறது, வெடிப்பு எதுவரை இறங்குகிறது என்று எழுதி, மழைக் கணக்கையும் சேர்த்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம். மண்வெட்டியும் அளவு நாடாவும் குறிப்பேடுமே இதற்கு வேண்டிய கருவிகள். ஆய்வுக்கூடத்தில் பிப்பெட்டைப் பிடிக்கப் பழகிய கைகள் மண்வெட்டியையும் பிடிக்கட்டும். நாம் கற்ற அறிவியல் நம் கரிசக்காட்டுக்குப் பயன்பட வரும் பருவத்திலேயே முதற்குழியை வெட்டுவோமாக!