ரேஸ் பேட் மாட்டிக்கிட்டு ஆபீஸ் போகாதீங்க

கார் வாங்கி ஒரு வருஷம் ஆனதும் நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு ஆசை வருது. ஒண்ணு, அலாய் வீல். இன்னொண்ணு, ஒரு லீவு நாள்ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல போய் ஓட்டிப் பார்க்கணும். ரெண்டாவது ஆசையில எனக்கு ஆட்சேபணை இல்லை, இ.சி.ஆர்.ல வேகம் காட்டுறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா "ஒரு ரேஸ் பேட் மாட்டிட்டா ரோட்டுக்கும் ஆச்சு, ட்ராக்குக்கும் ஆச்சு"ன்னு போடுற கணக்கு இருக்கே, அது தப்பு.

வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் தாங்க வேண்டிய வெப்பம் நாலு மடங்கு. சிக்னல்ல 60ல இருந்து நிக்கிறதும், 3.7 கிலோமீட்டர் ட்ராக்ல 120ல இருந்து திரும்பத் திரும்ப வேகத்தைக் குறைக்கிறதும் ஒரே வேலை இல்லை. அந்தச் சூட்டுல ரோட்டு பேட் பிடிப்பை இழக்கும். ரேஸ் பேட் நேர் எதிர், சூடானாத்தான் நல்லா பிடிக்கும். காலையில வீட்டை விட்டுக் கிளம்பின நிமிஷத்துல ஒரு ஸ்கூல் பையன் குறுக்கே ஓடி வந்தா, அப்ப பேட் ஜில்லுன்னு இருக்கு. எமர்ஜென்சி ஃபண்டை ஸ்மால்கேப்ல போட்ட மாதிரிதான். ரிட்டர்ன் பிரமாதம், தேவைப்படுற அன்னிக்குக் கைக்கு வராது. போதாக்குறைக்கு கீச்சுன்னு சத்தம், வீல் பூரா கறுப்புத் தூசி, டிஸ்க்கும் சீக்கிரம் தேயும்.

அதனால ரெண்டு செட் வாங்குங்க. "ரெட்டைச் செலவாச்சே சார்"னு கேப்பீங்க. இல்லை. ஒரு செட் வண்டியில இருக்கும்போது இன்னொண்ணு டப்பாவுல தேயாம இருக்கு. அது செலவு இல்லை, கையிருப்பு. கூடுதலா ஆகுறது மாத்துற கூலி மட்டும்தான்.

இன்னும் சொல்லப்போனா, முதல் தடவை போறவங்களுக்கு ரேஸ் பேட்டே வேண்டாம். நல்ல ரோட்டு பேட், புது பிரேக் ஆயில், நாலஞ்சு சுத்துக்கு ஒருமுறை பிரேக்கை ஆற விடுற பொறுமை, இது போதும். ஆயிலைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அந்த வரம்பு 155 வரைக்கும் இறங்கிடலாம். பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா பேட் சூடேறிடுச்சுன்னு அர்த்தம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனா ஆயில் கொதிச்சிடுச்சு.

பேட் ஓரத்துல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து அச்சடிச்சிருக்கும். முதல் எழுத்து குளிர்ந்த நிலையில பிடிப்பு, ரெண்டாவது சூட்டுல. இ, எஃப், ஜின்னு போகப் போக பிடிப்பு அதிகம். ரோட்டுக்கு வாங்கும்போது முதல் எழுத்தைப் பாருங்க. ட்ராக் சூட்டை எவ்வளவு தாங்கும்னு அந்த எழுத்து சொல்லாது.

சர்வீஸ்ல "பேட் ஓகே சார்"னு சொன்னா, உள் பக்கப் பேடைப் பார்த்தீங்களான்னு கேளுங்க. பல வண்டியில அதுதான் முதல்ல தேயும், வீல் ஸ்போக் வழியா எட்டிப் பார்த்தா தெரியாது. 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்திடுங்க. ஒரு பக்கம் மட்டும் அதிகமா தேய்ஞ்சிருந்தா காலிப்பர் பின் இறுகியிருக்கலாம், அதைச் சரி பண்ணாம புது பேட் போட்டா காசு தண்டம். இன்னொண்ணு, பேட் தேயும்போது ஆயில் லெவல் தானா இறங்கும். பேடைப் பார்க்காமலே டாப்-அப் பண்றவங்க, நமக்கு வந்த எச்சரிக்கையை அழிச்சிடுறாங்க.

ட்ராக்குக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி உங்க கார் பாலிசியை எடுத்து, வண்டியை எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்ங்கிற பகுதியைப் படிங்க. ரேஸிங், வேகச் சோதனை ரெண்டும் வழக்கமா விலக்குப் பட்டியல்ல இருக்கும். சுவத்துல போய் இடிச்சா பம்பர்ல இருந்து ரேடியேட்டர் வரைக்கும் உங்க சம்பளத்துலதான். இ.எம்.ஐ.யும் நிக்காது.