பழைய கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பது யார்?

யாழ்ப்பாணத்தில் நான் வழமையாகப் போகும் கணினிக் கடையில் எனது பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்த தம்பி, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அண்ணை, பெட்டியை வடிவா வைச்சிருக்கிறியள். ஆனா உந்த போர்ட்டில இனிப் பெரிசா ஒண்டும் ஏத்தேலாது. ராம் போடுறதெண்டா இண்டைக்கே எடுங்கோ. நாளைக்கு என்ன விலையெண்டு எனக்கே தெரியாது.”

நான் சாதாரணமான ஒரு கேள்வியோடுதான் போயிருந்தேன். 2017இல் வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ராம், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட். இதை மேம்படுத்தினால் புதிய கேம்களை விளையாட முடியுமா, அதற்கு எவ்வளவு முடியும்?

முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் கேம் விளையாடுவதற்காகக் கவலைப்படுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து பேர் நாங்கள். ஒருவன் ரொறன்ரோவில், ஒருவன் பாரிஸில், ஒருவன் மட்டக்களப்பில், ஒருவன் கொழும்பில். அதில் இருவர் 2022இன் நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் ஒன்றுசேர்வோம். ரொறன்ரோக்காரனுக்கு அது காலை. தொலைபேசியில் பேசினால் ஐந்து நிமிடத்தில் சுகம் விசாரித்து முடிந்துவிடும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வேலை போன கதையும் அம்மாவின் சத்திரசிகிச்சைக் கதையும் வெளியே வரும். இதுவரை கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாடினோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்போது பேட்டில்ஃபீல்ட் 6க்குப் போய்விட்டார்கள். “மச்சான், ஒரு புதுப்பெட்டி எடடா” என்கிறார்கள்.

பெட்டி பழுதாகவில்லை. ஒன்பது வருடமாக ஒரு நாளும் என்னைக் கைவிட்டதும் இல்லை. ஆனாலும் அது ‘பழையது’ ஆகிவிட்டது. எப்போது, யாரால் என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலான பதில்கள் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன: 2025 ஒக்டோபர்.

ஒரே மாதத்தில் மூடிய கதவுகள்

ஒக்டோபர் 10ஆம் திகதி பேட்டில்ஃபீல்ட் 6 வெளியானது. அதற்கு ஆகக்குறைந்தது இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 செயலி, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 2060 கார்ட் வேண்டும். அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ‘செக்யூர் பூட்’ வசதியும் கட்டாயம். ஏமாற்று மென்பொருட்களோடு விளையாடுபவர்களைப் பிடிப்பதற்கு இவை தேவை என்பது நிறுவனத்தின் விளக்கம். அடுத்த மாதம் வந்த கோல் ஒஃப் டியூட்டியும் இந்த இரண்டையும் கேட்டது. முன்பு ஒரு கேம் ஓடாவிட்டால் தரத்தைக் குறைத்து, படம் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று விளையாடுவோம். இப்போது வேகம் போதுமா என்பதற்கு முன்னரே, உள்ளே வர உனக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி வருகிறது.

ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாறலாம்தானே என்றால், இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே பெரும்பாலும் அதன் பட்டியலில் உள்ளன. எனது செயலி இரண்டு தலைமுறை பிந்திவிட்டது. குறுக்குவழியில் ஏற்றலாம், பலர் ஏற்றியும் இருக்கிறார்கள். ஆனால், அப்படி ஏற்றிய கணினிக்கு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. உலகம் முழுவதும் சுமார் 24 கோடி கணினிகள் இந்த மாற்றத்தால் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023இலேயே மதிப்பிட்டிருந்தது.

அதே மாதத்தோடு எனது கிராபிக்ஸ் கார்ட் சார்ந்த தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதையும் என்விடியா நிறுத்திக்கொண்டது. இனி 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே.

ராம் எங்கே போனது?

சரி, செலவழித்தே மாற்றுவோம் என்று வந்தால் அங்கே நிற்பது வேறொரு சுவர். தம்பி சொன்ன ராம் விலை, ஆறு மாதத்துக்கு முன் அதே கடையில் கேட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல். கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், காரணம் அவருடைய கடைக்கு மிகவும் வெளியே இருக்கிறது.

உலகின் ராம் சில்லுகளில் மிகப் பெரும் பங்கைச் செய்பவை மூன்றே நிறுவனங்கள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு எச்பிஎம் எனப்படும் அதிவேக நினைவகம் வேண்டும். அதே கொள்ளளவுக்குச் சாதாரண ராமை விட மூன்று மடங்கு அளவு சிலிக்கன் தட்டுகளை அது விழுங்குகிறது என்று மைக்ரோனே சொல்லியிருக்கிறது. இலாபமும் அதில்தான் அதிகம். 2025 ஒக்டோபர் 1ஆம் திகதி ஓப்பன் ஏஐ நிறுவனம் சாம்சங்குடனும் எஸ்கே ஹைனிக்ஸுடனும் கைகோத்தது. மாதத்துக்கு 9 இலட்சம் சிலிக்கன் தட்டுகள் என்பது அதில் சொல்லப்பட்ட இலக்கு. டிசம்பர் 3ஆம் திகதி மைக்ரோன், எங்களைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் ‘குரூஷியல்’ ராம் வியாபாரத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது.

பழைய கணினி வைத்திருப்பவருக்கு இதில் கூடுதல் அடி. எங்கள் பெட்டிகளுக்குப் பொருந்தும் டிடிஆர்4 வகை ராமின் உற்பத்தியை இந்த நிறுவனங்கள் 2025இல் குறைக்கத் தொடங்கியதால் அதன் விலைதான் முதலில் ஏறியது. ‘புதியது வாங்க வசதியில்லை, பழையதில் கொஞ்சம் கூட்டிப் போட்டுச் சமாளிப்போம்’ என்பது எங்கள் நாட்டின் பழக்கம். அந்தப் பழக்கத்திற்குத்தான் இப்போது விலை ஏறியிருக்கிறது.

டொலர், வற், மின்வெட்டு

இதற்கு மேல் எங்களுக்கென்றே இருக்கும் கணக்குகள். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. இரண்டே மாதத்தில் அது 360ஐத் தொட்டது. இப்போது 300ஐத் தாண்டி நிற்கிறது. ‘ரூபா நிலைபெற்றுவிட்டது’ என்று சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆனால், நிலைபெற்றது பழைய இடத்தில் அல்ல. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அதே கிராபிக்ஸ் கார்ட்டை ரொறன்ரோ நண்பன் தன் சில நாள் கூலியில் வாங்குகிறான்.

தம்பி கடதாசியில் போட்டுத் தந்த கணக்கு இது: புதிய செயலி, அதற்கேற்ற மதர்போர்ட், 16 ஜிபி ராம், பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட், பெரிய பவர் சப்ளை. கூட்டுத்தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. கட்டுரை எழுதிச் சம்பாதிக்கும் எனக்கு அது நாற்பது கட்டுரைகளின் காசு. அத்தோடும் முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில் கடன்பட்டு வாங்கிய யூபிஎஸ் ஒன்று வீட்டில் இருக்கிறது. எனது பழைய கார்ட் 75 வொட் மின்சாரத்தில் ஓடுவது. புதியதற்கு 170 வொட் வேண்டும். அந்த யூபிஎஸ் அதைத் தாங்காது.

பாவித்த கார்ட் வாங்குவதிலும் ஒரு கதை உண்டு. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் ‘மைனிங்’ முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்ட்கள் உலகம் முழுவதும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் முகநூலில் வாங்கினாலும், அந்தக் கார்ட் முன்பு என்ன வேலை செய்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு வழி கிடையாது.

ஒரே பெட்டியில் இரண்டு வாழ்க்கை

இவ்வளவும் காசுக் கணக்கு. என்னை உண்மையில் நிறுத்திவைத்தது வேறொன்று.

இந்தக் கணினியில் நான் விளையாடுகிறேன். இதே கணினியில்தான் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களோடு செய்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் அவர்களின் தொடர் போராட்டம் தொடங்கிய வருடத்தில் வாங்கிய பெட்டி இது. அந்தப் பதிவுகளில் பேசும் தாய்மாரில் சிலர் இன்று உயிருடன் இல்லை. சிலர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பேசியவர்கள்.

பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸில் அவற்றை வைத்திருப்பது பூட்டில்லாத அலுமாரியில் வைப்பதற்குச் சமம். சரி, புதுப்பெட்டி வாங்கி பேட்டில்ஃபீல்ட் ஏற்றினால்? இன்று பெரிய போட்டிக் கேம்கள் பலவற்றோடு வரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், இயங்குதளத்தின் அடிமட்டம் வரை அனுமதி பெற்று இயங்குவது. அது உளவு பார்க்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால், தனது தகவலாளர்களைக் காப்பாற்றக் கடமைப்பட்ட ஒருவர் அப்படிப்பட்ட அனுமதியை வேறொருவருக்குக் கொடுத்த கணினியில் வேலை செய்யலாமா? வசதி உள்ளவர் இதற்கு இரண்டு கணினி வைத்துக்கொள்வார். ஒரே கணினியில் வேலையும் விளையாட்டும் படிப்பும் நடக்கும் வீடுகள்தான் எங்கள் ஊரில் அதிகம். நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில் ‘டிஜிட்டல் இடைவெளி’ என்றால் கணினி இருப்பவர், இல்லாதவர் என்றுதான் சொல்லித் தந்தார்கள். கணினி இருந்தும் வெளியே தள்ளப்படுபவருக்கு அந்தப் பாடத்தில் பெயர் இருக்கவில்லை.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

விண்டோஸ் 10 பாவிப்பவர்களுக்கு ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை, மேலதிகப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் தருகிறது. எங்களைப் போன்ற நாடுகளில் அதற்கு மூன்று வழிகள்: 30 டொலர் கட்டலாம், நிறுவனத்தின் சலுகைப் புள்ளிகள் 1,000ஐச் செலவழிக்கலாம், அல்லது கணினியின் அமைப்புகளை அவர்களுடைய கணக்கில் சேமிக்கச் சம்மதிக்கலாம். ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருப்பவர்களுக்குக் காசும் வேண்டாம், அந்தச் சேமிப்பு நிபந்தனையும் இல்லை, கணக்கில் உள்நுழைந்தால் போதும். நிறுவனம் அங்கே மட்டும் திடீரென்று இரக்கம் கொள்ளவில்லை. அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்டன. அதனால் பாரிஸில் இருக்கும் எனது நண்பனுக்கு நிபந்தனையின்றிக் கிடைப்பது எனக்கு நிபந்தனையோடு கிடைக்கிறது.

எங்களுக்காக இதைக் கேட்கவேண்டியவர் யார்? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அரிசி விலையையும் தேங்காய் விலையையும் பார்க்கவே நேரம் போதாமல் இருக்கலாம். ஆனால், டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்று தனி அமைச்சு இருக்கும் நாடு இது. அரச சேவைகளை இணையத்துக்குக் கொண்டுபோகும் அரசு, மக்களின் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இருக்கும் கணினிகள் எத்தனை வருடம் பாதுகாப்பாக ஓடும் என்ற கேள்வியையும் தன்னுடையதாக எடுக்கவேண்டும். ஐரோப்பாவில் கேட்டுப் பெற்றதை இங்கேயும் கேட்கலாம். பழுதில்லாத கணினியைப் பாடசாலைக்கும் பிள்ளைகளுக்கும் மாற்று இயங்குதளத்தோடு கொடுக்கும் திட்டம் வகுக்கலாம். இவை இரண்டுக்கும் டொலர் தேவையில்லை.

என்ன முடிவெடுத்தேன்?

இரண்டு இலட்சம் செலவழிப்பதில்லை என்று தீர்மானித்தேன். ராமும் வாங்கவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி மட்டும் வாங்கி, அதில் லினக்ஸ் ஏற்றி, முழுவதையும் மறையாக்கம் செய்து, வேலையையும் ஒலிப்பதிவுகளையும் அதற்கு மாற்றினேன். தமிழ் தட்டச்சு பிரச்சினையில்லாமல் வேலை செய்கிறது. இன்னமும் பாமினியில் கோப்பு அனுப்பும் ஆசிரியர்களுக்காக அந்த எழுத்துருவையும் ஏற்றிக்கொண்டேன். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 லினக்ஸிலேயே ஓடுகிறது. பேட்டில்ஃபீல்ட் 6 ஓடாது.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. கணக்கியல் மென்பொருளோ படத்தொகுப்பு மென்பொருளோ விண்டோஸில் மட்டும் ஓடும் என்றால், நிபந்தனையை ஏற்று அந்த ஒரு வருட நீடிப்பில் சேருங்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதை விட அது நல்லது. கேமுக்காக மட்டும் மேம்படுத்த யோசிப்பவர் ராம் விலை இறங்கும்வரை பொறுக்கலாம். பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் அவசரம் உங்களுடையது அல்ல, விற்பவர்களுடையது.

நண்பர்களிடம் விசயத்தைச் சொன்னேன். ரொறன்ரோக்காரன் பழைய கார்ட் ஒன்றை யாரிடமாவது கொடுத்துவிடுவதாகச் சொன்னான். கார்ட் மட்டும் போதாது, செயலியும் மதர்போர்ட்டும் மாறவேண்டும் என்று விளக்கியபோது கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மட்டக்களப்புக்காரன் சொன்னான்: “என்ட பெட்டி உன்டதை விடப் பழசு. நான்தான் வெக்கத்தில சொல்லல்ல.”

மாதத்தில் முதலாவது ஞாயிறு எல்லோரும் பழைய கேமுக்கே வருவது என்று இப்போது ஒப்பந்தம். மற்ற ஞாயிறுகளில் அவர்கள் புதியதை விளையாடுவார்கள். அந்த இரவுகளில் நானும் மட்டக்களப்புக்காரனும் இரண்டு பேராக இருப்போம்.