தராசில் ஏறும் புத்தகங்கள்

கையில் காசு கம்மியா இருக்கிறவங்க வீட்டுல புத்தகம் சேர்க்கணும்னா, புத்தகக் காட்சிக்குப் போறதுக்கு முன்னாடி பழைய பேப்பர் கடைக்குப் போகணும். இது என் கட்சி. நகரத்துல இருக்கிற நீங்க நிறையப் பேர் இதை ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிடறேன்.

ஜனவரி மாசம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல புத்தகக் காட்சி. 1977லேர்ந்து பபாசி அமைப்பு நடத்திட்டு வர்ற விசேஷம். அதே மாசம் போகியும் வருது. மைதானத்திலேர்ந்து ஜனங்க ரெண்டு கையிலயும் பை தூக்கிட்டு வெளிய வர்றாங்க. அங்கேர்ந்து நடந்து போற தூரத்துல, சைதாப்பேட்டை சந்துகள்ல, வீட்டைச் சுத்தம் பண்றவங்க கோணி கோணியா பழைய புத்தகத்தைக் கொண்டாந்து தராசுல போடறாங்க. என் தங்கச்சி வீடு சைதாப்பேட்டையில. மதுராந்தகம் பக்கத்துல எங்க ஊர். பஸ் ஏறி செங்கல்பட்டு, அங்கேர்ந்து எலக்ட்ரிக் டிரெயின். சம்பா அறுவடைக்கு முன்னாடி ரெண்டு நாள் ஒழிஞ்சா ஒரு நடை போயிட்டு வருவேன். அதனால வாங்கறது, வீசறது ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்துடறேன்.

எனக்கு எந்த விலையையும் நெல்லுல மாத்திப் பார்க்கிற பழக்கம். 2024-25 பருவத்துல அரசு கொள்முதல் நிலையத்துல சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2450 ரூபா. அப்போ 500 ரூபா புத்தகம் இருபது கிலோ நெல்லு. காட்சியில தர்ற பத்து சதவீதக் கழிவு ரெண்டு கிலோ. விளைவிச்சவனுக்கு இருபது கிலோ நெல்லுன்னா என்னன்னு தெரியும். அதுக்காக புத்தகம் எழுதறவங்க, அச்சுப் போடறவங்க கூலி கேட்கக் கூடாதுன்னு சொல்லல. நெல்லுக்கு விலை கட்டலைன்னு புலம்பற நான் புத்தகத்துக்கு மட்டும் விலை அதிகம்னு சொன்னா நியாயம் இல்ல. நான் கேட்கிறது வேற. அந்த இருபது கிலோவை எதுல போடறீங்க?

பெரும்பாலும் எல்லாரும் ஒரே மாதிரி புத்தகத்துலதான் போடறாங்க. கெட்டி அட்டை போட்ட முழுத்தொகுப்பு, அந்த வருஷம் எல்லாரும் பேசற நாவல், அஞ்சு பாகம் வெச்ச பெட்டி. நல்ல புத்தகங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ்வளவும் நூலகத்துல இருக்கு. சைதாப்பேட்டையிலேர்ந்து கொஞ்ச தூரம் கோட்டூர்புரம் போனா 2010ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் நிக்குது. சின்னதா கிளை நூலகமும் அங்கங்க இருக்கு. வீட்டு வரியோட ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி சேர்த்துத்தான் வாங்கறாங்க. வாடகைக்கு இருந்தாலும் அந்தக் காசு உங்க வாடகையிலேர்ந்துதான் போகுது. காசு கட்டிட்டு கடைக்குள்ள போகாம திரும்பி வர்ற மாதிரி இருக்கு இது. 1931ல மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டியில புத்தகம் ஏத்தி கிராமத்துக்கு அனுப்பினாங்க. வண்டி எப்போ வரும்னு காத்திருந்து படிச்ச ஜனங்க நாம.

பாரதியார் பாட்டு வேணுமா, அது 1949லயே அரசுடைமை. 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல, தமிழ் இணையக் கல்விக்கழகத்து நூலகத்துல எல்லாம் பழைய இலக்கியம் இலவசமாவே கிடைக்குது. நானே போன்லதான் பாதி படிக்கறேன், மோட்டார் ஓடற நேரத்துல வரப்புல உட்கார்ந்து. (பாரதி மட்டும் வீட்டுல ஒரு புத்தகமா இருக்கட்டும். பிள்ளைங்க கையில எடுத்துப் புரட்டறதுக்கு.)

அப்போ வீட்டுல எதைச் சேர்க்கறது? நூலகத்துலயும் இல்லாம, போன்லயும் இல்லாம, தராசுல ஏறிப் போயிட்டு இருக்கே, அதை.

மெல்லிசான புத்தகங்களைச் சொல்றேன். கோயில் தல வரலாறு, கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூடத்து ஆண்டு மலர், சினிமா கொட்டகை வாசல்ல வித்த பாட்டுப் புத்தகம், பெரிய எழுத்துக் கதை, விவசாயத் துறை இலவசமாக் கொடுத்த சின்ன வெளியீடு, சங்கத்து மாநாட்டு மலர். வாங்கினப்போ எட்டணா, ஒரு ரூபா. விலை கம்மிங்கிறதாலயே யாரும் பத்திரம் பண்ணல. விலை ஒசந்த புத்தகத்துக்கு அலமாரி கிடைச்சுடுது. மலிவானதுதான் அடுப்புக்கும் பொட்டலத்துக்கும் போகுது.

ரோஜா முத்தையா செட்டியாரை எடுத்துக்குங்க. செட்டிநாட்டுல கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதற ஓவியர். ஆராய்ச்சியாளரோ பேராசிரியரோ இல்ல. 1950 வாக்குல ஆரம்பிச்சு, 1992ல அவர் காலமாகிற வரைக்கும் சேர்த்துக்கிட்டே இருந்தார். புத்தகத்தோட நிக்கல. நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பழைய பத்திரிகை, துண்டுப் பிரசுரம், நீங்களும் நானும் கசக்கிப் போடறது அத்தனையும். எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் அளவுக்கு. கடைசியில 1994ல அமெரிக்காவுல இருக்கிற சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கினது. வாங்கினதை அங்க தூக்கிட்டுப் போகாம சென்னையிலேயே வெச்சதால இன்னைக்கு தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமா இருக்கு. சைதாப்பேட்டையிலேர்ந்து ரொம்ப தூரமில்ல. முழுத்தொகுப்பும் பெட்டிப் புத்தகமும் மட்டும் சேர்த்திருந்தா சிகாகோவுலேர்ந்து யார் வரப் போறாங்க?

புதுக்கோட்டையில ஞானாலயா. கிருஷ்ணமூர்த்தி, டோரதின்னு ஆசிரியர் தம்பதி, சம்பளக் காசுல சேர்த்தது. அதுவும் இன்னைக்கு ஒரு லட்சத்துக்கு மேல.

இவ்வளவு பெரிசா போக வேண்டாம். நம்மால முடியாது, வீட்டுல விடவும் மாட்டாங்க. சைதாப்பேட்டை பாலத்தைத் தாண்டறப்போ அதுக்கு யார் பேர்னு பாருங்க, மறைமலை அடிகள். பல்லாவரத்துல வீட்டுல அவர் சேர்த்தது நாலாயிரம் புத்தகம் அளவுக்கு. 1950ல அவர் காலமான பிறகு, 1958ல அந்தப் புத்தகங்களை வெச்சுத்தான் சென்னையில அவர் பேர்ல நூலகம் ஆரம்பிச்சாங்க. பாலத்துல தினம் லட்சம் வண்டி போகும் போல. எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல.

இன்னொரு விஷயம், இன்னைக்கு மலிவு நாளைக்கு அரிசு. என் சின்ன வயசுல நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வேன்ல ஊர் ஊரா வந்து சோவியத் புத்தகம் விக்கும். வழவழன்னு தாளு, கெட்டி அட்டை, விலையோ மல்லாட்டை பொட்டலம் மாதிரி. சும்மா கிடைச்ச மாதிரி இருந்ததால யாரும் மதிக்கல. 1991ல சோவியத்தே இல்லாமப் போச்சு. இப்போ அதே குழந்தைக் கதைப் புத்தகத்தை ஆளுங்க தேடி அலையறாங்க.

எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொன்னாத்தான் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னு புரியும். எங்க அம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. எழுபதுகள்ல எங்க ஊர் வாத்தியார் வீட்டுல குமுதம், கல்கி, விகடன் வாங்குவாங்க. படிச்சு முடிச்சதும் அம்மாவுக்கு வரும். தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழிச்சு, வாரம் தவறாம அடுக்கி, கோணி ஊசியில சணல் கோத்துத் தைச்சு, காலண்டர் அட்டையை மேல ஒட்டி பைண்டு பண்ணிடுவாங்க. பதினாலு புத்தகம். பைசா செலவில்ல, மைதாப் பசைக்குக் கொஞ்சம். பக்க ஓரத்துல பால் கணக்கு, நாத்துக் கட்டு கணக்கு, சீட்டுப் பணம் கட்டின தேதி. அம்மா போன பிறகு தங்கச்சி கேட்டதால அது சைதாப்பேட்டைக்குப் போச்சு.

2015 டிசம்பர்ல அடையாறு வந்ததே, அப்போ தங்கச்சி ஆத்துக்குப் பக்கத்துல தரைத்தளத்துல குடியிருந்தா. இடுப்பளவு தண்ணி. உயிர் தப்பினதே பெரிசு, அதனால புத்தகத்தைப் பத்தி அன்னைக்கு யாரும் பேசல. அப்புறம் சேறு வழிச்சப்போ பீரோ கீழ்த்தட்டுல இருந்ததெல்லாம் கூழாக் கெடந்தது. கடையில வாங்கின பொன்னியின் செல்வனும் போச்சு, அம்மா தைச்ச பதினாலும் போச்சு. பொன்னியின் செல்வன் அடுத்த வருஷமே வீட்டுக்கு வந்துடுச்சு, எத்தனையோ பதிப்பகம் போடறாங்க. அந்தப் பதினாலு புத்தகத்தை எந்தக் கடையில கேட்கறது?

அதுக்கப்புறந்தான் தராசுக் கடைப் பழக்கம் எனக்குக் கெட்டியாச்சு. மாசம் 200 ரூபா. அதுக்கு மேல போனா எங்க வீட்டம்மா உரக் கணக்கை எடுத்து நீட்டுவாங்க. சைதாப்பேட்டையில ஒரு கடைக்காரர் எனக்குப் பழக்கம். "அண்ணே, நாலு நாள் கழிச்சு வந்தா லோடு போயிடும்"னு முன்கூட்டியே சொல்லிடுவார். கிலோ நாப்பது ரூபான்னு எடுப்பேன். எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வர்றதில்ல. கோனார் நோட்ஸு, பேங்க் பரீட்சை கைடு, தடிமனா கம்ப்யூட்டர் புத்தகம் எல்லாம் திரும்பப் போட்டுடுவேன், எடைதான் ஏறும். புரட்டிப் பார்த்தா உள்ள யாராவது கையால எழுதியிருக்காங்களான்னு முதல்ல பார்ப்பேன்.

அப்படிக் கிடைச்சதுதான் ஐ.ஆர்.8 சாகுபடி பத்தி ஒரு சின்னப் புத்தகம். அச்சு வருஷம் இருந்த மூலை கிழிஞ்சு போச்சு. ஐ.ஆர்.8 வந்தது 1966ல, அதனால அதை ஒட்டின காலமா இருக்கும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம் போட்டேன், எவ்வளவு கண்டது, எத்தனை தடவை மருந்து அடிச்சேன்னு யாரோ ஒரு விவசாயி பென்சில்ல வரிசையா எழுதி வெச்சிருக்கார். மூணு வருஷக் கணக்கு. வருஷத்துக்கு வருஷம் உரம் ஏறுது, கண்டுமுதல் அப்படியே நிக்குது. பசுமைப் புரட்சி பத்தி நான் படிச்ச தடிப் புத்தகம் எதுவும் இவ்வளவு நேராச் சொல்லல. எடை போட்டப்போ எட்டு ரூபா.

இது சைதாப்பேட்டையில கிடைச்சதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம். இன்னைக்கு கோயமுத்தூர்ல இருக்கிற வேளாண் பல்கலைக்கழகத்துக்கு மூலமே 1868ல சைதாப்பேட்டையில ஆரம்பிச்ச விவசாயப் பள்ளிக்கூடந்தான். 1906ல கோவைக்கு மாறிப் போச்சு. வயல் இருந்த எடம் மெட்ரோ ரயில் ஓடற எடமா ஆனது இருக்கட்டும், அந்தப் பென்சில் எழுத்துக்காரர் எந்த ஊரோ, எப்படி சைதாப்பேட்டை தராசு வரைக்கும் வந்தாரோ.

"குப்பையைச் சேர்த்து வெச்சா அது நூலகமா?"ன்னு கேட்பீங்க. என் தங்கச்சி மகனே கேட்டான். அவன் படிச்சவன், ஐ.டி.யில இருக்கான். நல்ல இலக்கியம் படிக்கணும் மாமா, தேர்ந்தெடுத்துப் படிக்கணும்னு சொல்றான். நானும் அதைத்தான் சொல்றேன். படிக்கறதுக்கு நூலகம் இருக்கு, தேர்ந்தெடுத்துப் படி. வெச்சுக்கறது வேற வேலை. களத்துல விளைஞ்சது அத்தனையும் நாம வீட்டுலயா வெச்சுக்கறோம்? விதைக்குன்னு கொஞ்சம் எடுத்து வெப்போம், அது கடையில கிடைக்காத ரகமா இருந்தா ரெண்டு படி கூட வெப்போம்.

அவனுக்கு இன்னொரு சங்கடம், நியாயமானது. பதினோரு மாச ஒப்பந்தம், வீட்டுக்காரர் வாடகை ஏத்தினா மாறணும். ஒவ்வொரு தடவையும் புத்தகப் பெட்டிதான் கனம். புத்தக அலமாரி ஒண்ணு 7 ஆயிரத்துக்கு வாங்கினான். எழுபத்தஞ்சு கிலோ மூட்டையில கிட்டத்தட்ட நாலு மூட்டை நெல்லு. அதுக்குள்ள வெச்ச புத்தகமே அவ்வளவு பெறாது. மெல்லிசுப் புத்தகம்னா ஒரு டிரங்குப் பெட்டியில இருநூறு முந்நூறு அடங்கிடும். வீடு மாறினா ஒரு கை இந்தப் பக்கம், ஒரு கை அந்தப் பக்கம், ஆட்டோவுல ஏத்திடலாம்.

பெட்டியைத் தரையில வெக்காதீங்க, பரண்ல வெய்யுங்க. சைதாப்பேட்டைக்காரங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டியதில்ல. விதை நெல்லுக்குப் போடற மாதிரி நிழல்ல காஞ்ச வேப்பிலையும் நாலு துண்டு வசம்பும் துணியில முடிஞ்சு உள்ள போடுங்க. ராமபாணப் பூச்சி அண்டாது. வேப்பிலை ஈரமா இருந்தா பூசணம் பிடிச்சுடும், அதைக் கவனிச்சுக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை வெயில் தாழ்ந்த பிறகு வெளிய எடுத்து விரிச்சு வெச்சா போதும், உச்சி வெயில்ல காய வெச்சா தாளு அப்பளமா நொறுங்கும். கிழிஞ்சதுக்கு செல்லோ டேப் ஒட்டாதீங்க. கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி, டேப்போட எழுத்தும் சேர்ந்து வந்துடும்.

எங்க வீட்டுல இப்போ ரெண்டு டிரங்குப் பெட்டி. மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கேன். "எனக்குப் பிறகு இதை எடைக்குப் போடாதீங்க. தரமணியில கேளுங்க, இல்ல புதுக்கோட்டையில கேளுங்க. ரெண்டு பேரும் வேண்டாம்னா அப்புறம் உங்க இஷ்டம்." தங்கச்சி மகன் பொங்கலுக்கு வந்தப்போ படிச்சுட்டுச் சிரிச்சான். "போன் நம்பரும் எழுதி வெச்சுடுங்க மாமா"ன்னான். எழுதி வெச்சுட்டேன்.