தண்டத்தின் கனமும் தண்டத்தின் தவறாமையும்

வேக எல்லை ஒன்று வீதியில் மதிக்கப்படுமா என்பதை, மீறலுக்கு அறவிடப்படும் தண்டப்பணத்தின் தொகை மட்டும் தீர்மானிப்பதில்லை. மீறுபவர் அகப்படுவார் என்ற உறுதியும், அகப்படுபவர் யாராயினும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவார் என்ற நம்பிக்கையும் அதைவிடப் பெரிய பங்கை வகிக்கின்றன. தண்டனையின் கடுமையைவிட அதன் தவறாமையே குற்றத்தைத் தடுக்கும் என இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் சேசரே பெக்காரியா 1764 ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். இலங்கையிலோ கடந்த பத்தாண்டுகளில் தண்டப்பணம் கூடிய அளவுக்கு அதன் தவறாமை கூடவில்லை. கொழும்பில் வேகக் கட்டுப்பாடு சாரதிகளின் மதிப்பையும் பாதசாரிகளின் நம்பிக்கையையும் ஒருங்கே இழந்து நிற்பதற்கு இந்த இடைவெளியே முதற்காரணம்.

கட்டுப்பாடு தேவைதானா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளின்படி, நகர்ப்புறங்களில் கார்களுக்கு மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றரும் முச்சக்கர வண்டிகளுக்கு 40 கிலோமீற்றரும் எல்லையாக உள்ளன. 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம், சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க எடுக்கும் ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 14 மீற்றர் நகர்ந்துவிடுகிறது. 70 கிலோமீற்றரில் அது 19 மீற்றரைத் தாண்டுகிறது. அதன்பின் வாகனம் நிற்பதற்குத் தேவைப்படும் தூரமோ, ஓடும் பொருளிடம் உள்ள இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதிகரிப்பதால், ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. காரின் வேகம் 50 இலிருந்து 65 கிலோமீற்றராக உயரும்போது, அதில் மோதுண்ட பாதசாரி உயிரிழக்கும் ஆபத்து நான்கரை மடங்காகிறது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2016 முதல் 2018 வரை இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 3,000 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பதையும், பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளில் செல்வோரும் அவர்களுள் பெரும்பங்கினர் என்பதையும் எண்ணிப் பார்த்தால், இது வெறும் கணக்காகத் தோன்றாது.

ஆயினும் எல்லா வீதிகளும் ஒரு தன்மையானவை அல்ல. கொழும்பின் வெள்ளவத்தையில் காலி வீதி பகலெல்லாம் ஊர்ந்து செல்லும் வீதி. அங்கே ஆபத்து சராசரி வேகத்தில் இல்லை, இரண்டு தரிப்பிடங்களுக்கு இடையில் 100 ஆம், 101 ஆம் இலக்கப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தப் பாயும் சில நூறு மீற்றர்களில் இருக்கிறது. காலி வீதிக்கு இணையாக ரயில் பாதையையும் கடலையும் ஒட்டிச் செல்லும் மரைன் டிரைவ், இரவில் வெறிச்சோடும்போது வேகத்தை அழைக்கும் நேரான வீதியாகிறது. அதன் மறுபக்கத்திலோ குடியிருப்பு ஒழுங்கைகள் வரிசையாக வந்து திறக்கின்றன. கொட்டாஞ்சேனையின் ஒடுக்கமான வீதிகளில் பாடசாலைப் பிள்ளைகளும், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் செல்வோரும், துறைமுகத்தை நோக்கிய கொள்கலன் லொறிகளும் ஒரே தெருவைப் பங்கிட வேண்டியுள்ளது. பாதசாரிகளும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் எல்லை 30 கிலோமீற்றராக இருக்க வேண்டும் என்ற 2020 ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் பிரகடனத்தை இத்தெருக்களில் வைத்துப் பார்த்தால், கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் ஒரே எண்ணை விதிப்பது பாதுகாப்பும் ஆகாது, சாரதிக்கு நியாயமாகவும் படாது.

தண்டப்பணத்தின் வரலாறு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. 2017 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் பாரதூரமான ஏழு குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டமாக 25,000 ரூபாயை முன்மொழிந்தபோது, தனியார் பேருந்துத் துறையினர் 2016 டிசம்பரில் பணிப்புறக்கணிப்பில் இறங்கினர். பின்னர் 2018 இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, எல்லையை 20 சதவீதம் வரை மீறினால் 3,000 ரூபாய் எனத் தொடங்கி, 50 சதவீதத்துக்கு மேல் மீறினால் 15,000 ரூபாய் வரை படிப்படியாக உயர்ந்தது. குற்றத்தின் அளவுக்கேற்பத் தண்டம் என்ற வகையில் இது வரவேற்கத்தக்க திருத்தமே. எனினும் முச்சக்கர வண்டி ஓட்டி அன்றாடம் உழைப்பவரின் கையில் 3,000 ரூபாய்க்கு உள்ள கனம், சொகுசு வாகன உரிமையாளரின் கையில் அதற்கு இல்லை. பின்லாந்தில் கடும் வேகமீறலுக்கான தண்டம் வருமானத்தின் அடிப்படையில் கணக்கிடப்படுவதால், 2023 இல் 50 கிலோமீற்றர் எல்லையில் 82 இல் சென்ற செல்வந்தர் ஒருவர் 121,000 யூரோ செலுத்த நேர்ந்தது. வருமானம் முழுமையாகப் பதிவாகாத இலங்கையில் அம்முறையை அப்படியே கொண்டுவர இயலாது. ஆனால் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே கனமுள்ள தண்டனை ஒன்று, சாரதி அனுமதிப்பத்திரத்தில் புள்ளிகளைப் பதிந்து, அவை குவிந்தால் அனுமதிப்பத்திரத்தை இழக்கச் செய்யும் முறையாக, 2009 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திலேயே இடம்பெற்றது. அது ஆண்டுக்கணக்கில் ஏட்டளவில் கிடந்தமை வருந்தத்தக்கது.

இனி, பிடிக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். வளைவுக்கு அப்பால் வேகத்தை அளக்கும் கருவியுடன் பொலிஸார் நிற்பதும், எதிரே வரும் வாகனங்கள் முன்விளக்கை மின்னி எச்சரிப்பதும், அவ்விடத்தைக் கடந்ததும் வேகம் பழைய நிலைக்குத் திரும்புவதும் இலங்கைச் சாரதிகள் அனைவரும் அறிந்தவை. இம்முறையில் யாரை மறிப்பது, யாரை விடுவது, எழுதுவதா எச்சரித்து அனுப்புவதா என்பவை அந்தக் கணத்தில் ஒரு மனிதரின் விருப்புக்கு விடப்படுகின்றன. 2007 ஜூன் மாதம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டதையும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்ததையும் நினைவில் கொண்ட சமூகத்துக்கு, மறிக்கும் கை ஒருபோதும் வெறும் போக்குவரத்துச் சைகையாக இருந்ததில்லை. ஆகவே, ஆளைப் பாராமல் வாகன இலக்கத்தை மட்டும் பதியும் கருவியை நோக்கிச் செல்வது இங்கே வசதியை விடப் பெரிய விடயம். அது நீதியின் தேவை.

2024 ஜனவரியில் கொழும்பில் கண்காணிப்புக் கமராக்களின் வழியே விதிமீறல்களைக் கண்டறியத் தொடங்கியது அத்திசையில் வைக்கப்பட்ட அடி. ஆனால் கருவி சரியாக இருந்தால் மட்டும் போதாது. அறிவித்தல் செல்வது பதிவு செய்யப்பட்ட உரிமையாளருக்கு. கையொப்பமிட்ட மாற்றப் படிவத்தை மட்டும் கைமாற்றி, ‘ஓபன் பேப்பர்’ என்ற வழக்கில் வாகனங்கள் பல கை மாறும் நாட்டில், எப்போதோ வாகனத்தை விற்றுவிட்டவரின் வீட்டுக்கு அது போய்ச் சேரலாம். உரிமை மாற்றத்தைப் பதியாமல் விடுவதற்கான வாய்ப்பை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் அடைக்காத வரை, குற்றமற்றவரைத் தண்டிக்கும் அச்சம் நீங்காது. அத்துடன் 1988 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 16 ஆவது திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொண்டு பதில் பெறும் உரிமையை உறுதிசெய்கிறது. தண்டச்சீட்டும், அதை மறுத்து முறையிடும் படிவமும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழில் கிடைக்க வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கை ஆகாது; தன்மீதான குற்றச்சாட்டை வாசித்து விளங்க முடியாதவரிடம் அதற்கான பணத்தை அறவிடுவது நியாயமும் ஆகாது.

சாரதியை மட்டும் குறிவைப்பதிலும் ஒரு குறைபாடு உண்டு. அன்றைய வசூலிலிருந்தே தன் ஊதியத்தைப் பெறும் தனியார் பேருந்துச் சாரதி, முன்னே செல்லும் பேருந்துக்குப் பயணிகளை விட்டுக்கொடுத்தால் அந்த இழப்பைத் தானே சுமக்கிறார். தண்டப்பணம் அவருக்கு அந்தப் போட்டியின் மற்றொரு செலவாகவே தோன்றும். நிலையான மாதச் சம்பளமும், இரு நிறுத்தங்களுக்கு இடையிலான நேரத்தைப் பதியும் கருவியும், மீறலில் உரிமையாளருக்கும் பங்கான பொறுப்பும் அமைந்தால்தான் அந்த ஓட்டம் அடங்கும்.

பிரித்தானியாவில் வேகக் கமராக்களை எங்கே வைப்பது என்பதை முன்னர் நடந்த விபத்துகள் தீர்மானித்ததும், அவை தொலைவிலேயே தெரியும்படி மஞ்சள் நிறம் பூசப்பட்டதும் ஒரு கொள்கையைத் தெளிவாக்கின: கருவியின் நோக்கம் வருமானம் ஆகாது, அந்த இடத்தில் வேகம் குறைவதே ஆகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயிர்கள் போன இடங்களைப் பட்டியலிட்டு, அங்கே கமரா உண்டு என வெளிப்படையாக அறிவித்து, வீதிக்கேற்ற எல்லையை மூன்று மொழிகளிலும் எழுதி வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. வர்த்தமானி ஒன்றின் மூலம் தண்டப்பணத்தை மீண்டும் உயர்த்துவது அரசுக்கு எளிது. ஒவ்வொரு மீறலும் தவறாமல், முகம் பாராமல், புரியும் மொழியில் கணக்கில் எடுக்கப்படும் என்ற நிலையை உருவாக்குவதுதான் கடினம். அரசு ஏற்க வேண்டியது அந்தக் கடினமான பணியையே. அது நிறைவேறினால் தண்டப்பணத்தை இன்னும் உயர்த்த வேண்டிய தேவையே எழாது.