பழைய காருக்குப் பலமான எஞ்சின்: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஆனாலும் வரியோடு சேர்த்தால் புதிய கார் எட்டாத விலை. ஆகவே பழைய மொறிஸ் மைனருக்குப் பலமான யப்பானிய எஞ்சின் பூட்டலாமா என்று ஹட்டன் நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள்.

யுத்தகாலப் பெற்றோல் தடைக்குள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜை மண்ணெண்ணெயில் ஓட்டிய எமக்கு எஞ்சினை மாற்றியமைப்பது புதிதல்ல. ஆனால் யாழ்ப்பாணத்துச் சமதரை வேறு, மலை வேறு. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி குறைவு. அங்கு சாதாரண எஞ்சின் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வலுவை இழக்கும். பெரிய எஞ்சினுக்கான ஆசை நியாயமானதே.

ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. மொறிஸ் மைனரின் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடி தளரும். மலைப்பாதை எவ்வளவு கொடியது என்பதை, 2025 மே 11இல் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் பலியானபோது கண்டோம்.

எஞ்சினுக்கு ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு முன்சில்லு டிஸ்க் பிரேக்குக்குப் போகவேண்டும் என்பதே என் பதில். அரசும் எஞ்சின் இலக்கத்தைப் பதிவதோடு நில்லாமல் பிரேக்கையும் பரிசோதிக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு நடப்பதும் அதே வீதியோரத்தில்தான்.