முழுகுவது எந்தத் தெருவில்?

இலக்கியக் கூடுகைகளில் ஒரு யோசனை திரும்பத் திரும்ப எழுந்துவருகிறது. பாலித் தீவுக்குப் போகிறவர்கள் அங்கே கிராமத்திலேயே தங்கி, கமலான் இசையையும் நடனத்தையும் பயின்று வருகிறார்கள். அதுபோல நம் கரிசல் கிராமங்களிலும் பத்து நாள் தங்கி, கரகமும் பறையும் வில்லுப்பாட்டும் கற்கும் முகாம்களை நடத்தினால் என்ன? 'பண்பாட்டில் முழுகிக் கற்றல்' என்று இதற்கு அழகான பெயரும் சூட்டியாயிற்று. சொல்பவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள். நாங்கள் வாசிக்கும் அதே சிற்றிதழ்களை வாசிப்பவர்கள். அதனாலேயே இந்த மறுப்பைச் சற்று உரக்க எழுத வேண்டியிருக்கிறது. இந்த யோசனை பாலியையும் அறியவில்லை, ஆலங்குளத்தையும் அறியவில்லை.

(ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஊரை நினைத்துவிட வேண்டாம். நாங்கள் சொல்வது விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம், சிவகாசி, வெம்பக்கோட்டை மூன்றுக்கும் நடுவே, அரசு சிமென்ட் ஆலையால் வெளியூர்க்காரர்களுக்குப் பெயர் தெரிந்த கரிசல் ஊர்.)

முதலில் பாலி. கனடாவில் பிறந்த இசையமைப்பாளர் காலின் மக்ஃபீ, நியூயார்க்கில் சில கமலான் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கிறங்கி, 1931இல் அந்தத் தீவுக்குப் போனார். சாயன் என்னும் கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு, நடுவில் சில இடைவெளிகள் விட்டாலும், 1938 இறுதிவரை அங்கே வாழ்ந்தார். அந்த ஊர்ச் சிறுவர்களுக்கென்று ஒரு கமலான் குழுவையே உருவாக்கினார். பாலி இசை பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது 1966இல். அவர் இறந்து இரண்டாண்டு கழித்து. பத்து நாள் முகாமுக்கு முன்னோடியாக இவரைக் காட்டுகிறவர்கள் இந்த ஆண்டுக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது.

ஆண்டுக் கணக்கைவிட முக்கியமானது அந்த இசையின் அமைப்பு. கமலானில் 'கொத்தேகான்' என்றொரு முறை உண்டு. மின்னல் வேகத்தில் ஓடும் ஒரே மெட்டை இரண்டாகப் பிளந்து, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புமாறு இருவர் வாசிப்பார்கள். ஒரு பாதியை மட்டும் கேட்டால் அது பல் போன சீப்பு. கருவிகளையும் சோடி சோடியாகவே வார்க்கிறார்கள். சோடியில் ஒன்றின் சுருதி மற்றதைவிட வேண்டுமென்றே இம்மியளவு கூடியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது எழுகிற அதிர்வலைதான் அந்த இசையின் உயிர். தனியாக ஒரு கருவியை வாங்கி வந்து வீட்டில் வைத்துக்கொண்டால் அந்த உயிர் கிடைக்காது. ஆசிரியர் கருவியின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாக வாசித்துக் காட்ட, மாணவர் அந்தக் கோலின் அசைவைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார். சுரத்தாள் கிடையாது. இதெல்லாம் நடப்பது 'பஞ்சார்' எனப்படும் குடியிருப்பு அமைப்புக்குள். சாவு, கோயில் விழா, ஊர்ப்பணி எல்லாவற்றுக்கும் அதன் குடும்பங்கள் கூடியாக வேண்டும். பல பஞ்சார்களில் கமலான் கருவிகள் ஊர்ப் பொதுச் சொத்து; அவை இருப்பது ஊர்ப் பொதுக்கூடத்தில். பாலியிலும் சாதிப்படிநிலை உண்டு, அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் கமலான் வாசிப்பது அங்கே இழிதொழில் அன்று. அயலார் வந்து 'முழுகுவதற்கு' அங்கே ஒரு குளம் இருக்கிறது. அந்தக் குளத்தில் ஊரே குளிக்கிறது.

இனி ஆலங்குளம் வட்டாரத்துக்கு வருவோம்.

நையாண்டி மேளமும் தனியாளுக்கு வசப்படுகிற கலையன்று. இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஒன்றையொன்று சீண்டியும் துரத்தியும் வளர்வது அது. வில்லுப்பாட்டிலும் வீசுகோல் பிடித்தவர் பாதிதான் பாடுகிறார். பக்கப்பாட்டுக்காரரின் 'ஆமா' சரியான இடத்தில் விழாவிட்டால் கதை நொண்டும். ஆக, கூடி வாழ்ந்து கற்க வேண்டிய தேவை இங்கும் உண்டு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. யாரோடு கூடி வாழ்வது என்பதில்தான் சிக்கல்.

இந்த ஊர்களில் பறை அடிப்பவர்கள் ஊர்ப் பொதுக்கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கவில்லை. சாவு சொல்லவும் பிணத்தின் முன் அடித்துப் போகவும் தலைமுறை தலைமுறையாகக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். கருவி வேண்டும், அதைத் தொட்டவன் வேண்டாம் என்பதுதான் ஊரின் நியதி. அதனால் தமிழகத்தின் பல கிராமங்களில் தலித் இளைஞர்கள் இனிச் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்காக அடியும் ஊர்விலக்கமும் பட்டவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், அதே கருவியை மேடைக்குக் கொண்டுவந்து, இது இழிவின் சின்னம் அல்ல, எங்கள் இசை என்று அறிவித்தார்கள் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள். அவர்களிடம் பறை கற்ற அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் 2011இல் எடுத்த ஆவணப்படம், ஆட்டத்தையும் தாளத்தையும் போலவே இந்தத் தன்மதிப்பையும் பதிவு செய்கிறது. 2025இல் மதுரை மாவட்டத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் அனைவரும் கைதட்டினோம். சரி. ஆனால் முகாம்வாசி கேட்பது என்ன? 'மேடை அடவு வேண்டாம், அசலான சாவு அடி வேண்டும்.' ஒருவர் உதறியெறியப் போராடிய சுமையை, இன்னொருவர் பத்து நாள் அனுபவத்துக்காக மறுபடியும் தூக்கிக் காட்டச் சொல்கிறார். இதற்குப் பெயர் முழுகுவதா?

பறை கற்கிறவர் எந்தத் தெருவில் தங்குவார் என்ற கேள்வி முகாம் அறிவிப்புகளில் இடம்பெறுவதில்லை. ஊர்ப்பெரியவர் வீட்டு மாடியில் தங்கி, காலையில் காலனிக்கு நடந்து போய்ப் பயின்று, உச்சிவேளைச் சாப்பாட்டுக்கு மாடிக்குத் திரும்புகிற ஏற்பாட்டில் அவர் எதிலும் நனைந்திருக்க மாட்டார். ஊரின் சாதி ஒழுங்கில் ஓர் இடத்தைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்திருப்பார், அவ்வளவே.

கரகாட்டத்துக்கும் இதே கதைதான். தலையில் செம்பு நிற்கும் நுட்பத்தைக் கற்றுக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. ஆனால் அந்தப் பெண் நள்ளிரவில் குடித்த கூட்டத்தின் நடுவே ஆடுவதும், கெட்ட பேச்சைக் கேட்டுச் சிரித்து மழுப்புவதும், விடிந்ததும் ஊரார் முகம் திருப்பிக்கொள்வதும் அந்தக் கலையோடு ஒட்டிய வாழ்க்கை. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் சுமக்கும் இத்தகைய களங்கத்தைப் பற்றி, மதுரையில் அவர்களோடு பழகிய சூசன் சைசர் 2005இல் ஒரு முழு நூலே எழுதினார். அயலார் ஒருவர் வந்து எழுத வேண்டியிருந்தது என்பதை நாம் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

ஜான் ஹிக்கின்ஸ் கர்நாடக இசை கற்றார். பாகவதர் என்றே அழைத்தோம். அவருடைய உழைப்பும் ஞானமும் அதற்குத் தகுதியானவையே. ஆனால் அவர் முழுகியது ஏற்கெனவே மரியாதை பெற்றிருந்த நீரில்.

நாள்காட்டியையும் சொல்லியாக வேண்டும். முகாம்கள் டிசம்பர் விடுமுறையில் திட்டமிடப்படுகின்றன. மார்கழியில் இங்கே கொடை ஏது? பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் அம்மன் கோயில்களில் பொங்கல் சாட்டுகிறார்கள். மேளக்காரருக்கு அப்போதுதான் தொடர்ச்சியாக வேலை. மற்ற மாதங்களில் காட்டுவேலை, கட்டட வேலை, பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்று எது கிடைக்கிறதோ அது. (ஆலைகளை 'ஆபீஸ்' என்று சொல்வதுதான் இந்தப் பக்கத்து வழக்கம்.) விழாவே இல்லாத மாதத்தில் விழாவைச் செட்டுப்போட்டு ஆடச் சொன்னால் அது திரைப்படப் படப்பிடிப்பு. பாலிக்காரர்கள் இந்த ஆபத்தை வெகுமுன்பே கண்டுகொண்டார்கள். 1971இல் அவர்களே கூடிக் கலந்தாய்ந்து, எந்த நடனம் கருவறைச் சடங்குக்கு உரியது, எது விழாவுக்கு உரியது, எதைச் சுற்றுலாப் பயணிக்குக் காட்டலாம் என்று மூன்றாக வகுத்துக்கொண்டார்கள். அந்த வகுப்பு முழுமையாகக் காப்பாற்றப்பட்டதா என்பது வேறு விவாதம். வகுத்தவர்கள் அவர்கள் என்பதே எங்களுக்கு முக்கியம். கரகத்தின் எல்லையை இங்கே வகுப்பவர்கள் யார்? காவல் நிலையமும், தொலைக்காட்சியும், 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற விழாக்களில் ஆட்டத்தைச் சில நிமிடங்களாக வெட்டுகிற நிகழ்ச்சி நிரலும்.

அப்படியானால் வெளியார் யாரும் வரக்கூடாதா என்று கேட்பார்கள். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. நெதர்லாந்திலிருந்து வந்த ஹன்னே டி ப்ரூயின் கட்டைக்கூத்தை ஆராய வந்தவர். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலை மணந்து காஞ்சிபுரம் பக்கத்திலேயே தங்கிவிட்டார். 1990இல் கலைஞர்களின் சங்கம் உருவானது. 2002இல் தொடங்கிய குருகுலம் 2020 வரை கிராமத்துப் பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளையும் சேர்த்து, பள்ளிக் கல்வியோடு கூத்தையும் கற்பித்தது. அங்கே மையத்தில் இருந்தவர்கள் அந்த மண்ணின் குழந்தைகள். 'அன்று பூட்டிய வண்டி' எழுதிய ந. முத்துசாமி புரிசையில் கூத்துப் பார்த்ததும் வார இறுதி அனுபவமாக முடியவில்லை. அவருடைய நாடக வாழ்க்கையின் திசையையே அது மாற்றியது.

எனவே முகாம் நடத்த விரும்பும் நண்பர்களிடம் எங்களுக்கு வாதம் மேலும் இல்லை, கோரிக்கைகள் உண்டு. தேதியை ஆசான் குறிக்கட்டும். கொடைக்குப் பேசும் தொகையை ஒவ்வொரு நாளுக்கும் அச்சாரத்தோடு கொடுங்கள். எதைச் சொல்லித்தருவது, எதை மறுப்பது என்பது அவர் விருப்பம். சாவு அடியை அவர் மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. பங்கேற்கும் இருபது பேரின் கட்டணத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் ஐந்து பேராவது கூட உட்கார்ந்து கற்கட்டும். அறிவிப்பை அச்சடிக்கும்போது, தங்குவது யார் வீட்டில், சாப்பிடுவது யார் அடுப்பில் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டட்டும்.